பேஸ் நின்றபோது

என் ட்ரியோ கலைந்ததற்கு நான்தான் காரணம். வெகுகாலம் அதை வேறுவிதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பேஸ் வாசித்தவருக்கு நேரம் ஒத்துவரவில்லை, நாங்கள் வாசித்த உணவகம் வாரநாள் கச்சேரிகளைக் குறைத்துவிட்டது என்றெல்லாம். அவை பொய்யில்லை. ஆனால் காரணம் அவையில்லை.

டொராண்டோவில் நாங்கள் மூன்று பேர் வாசித்தோம். நான் வைப்ரஃபோன். பேஸும் டிரம்ஸும் வாசித்த இருவரும் என்னைவிட மூத்தவர்கள், அனுபவசாலிகள். பியானோ கிடையாது, கிதாரும் கிடையாது. அப்படி ஒரு ஜாஸ் ட்ரியோவில் கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வர அடுக்குகளை, தாங்கும் பொறுப்பு பெரும்பாலும் வைப்ரஃபோனின் தலையில்தான் விழும். அந்தப் பொறுப்பு எனக்குள் பயமாக மாறிவிட்டிருந்தது. ஒரு நொடி கையை எடுத்தாலும் பாட்டு சரிந்துவிடும் என்று உண்மையிலேயே நம்பினேன்.

கேரி பர்ட்டனைக் கேட்டுத்தான் இந்த வாத்தியத்துக்கு வந்தேன். கைக்கு இரண்டாக நான்கு மாலட் (தட்டும் கோல்) பிடித்து, மெட்டையும் கார்டையும் ஒரே ஆளாக வாசித்தவர். 1971-இல் மாண்ட்ரோ ஜாஸ் விழா மேடையில் அவர் தனியாக வாசித்தது ‘அலோன் அட் லாஸ்ட்’ ஆல்பத்தில் இருக்கிறது. அதை மனப்பாடமாகும்வரை கேட்டுக் கையில் ஏற்றிக்கொண்டேன். தனியாக வாசிப்பவர் கார்டின் அடி ஸ்வரத்தையும் தானே கொடுத்தாக வேண்டும். என் பக்கத்திலோ ஒருவர் ஆளுயர பேஸை அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவே இல்லை.

போதாததற்குப் பெடல். வைப்ரஃபோனின் அலுமினியப் பட்டைகளுக்கு அடியில் ஃபெல்ட் ஒட்டிய நீளச் சட்டம் ஒன்று உண்டு. பெடலை மிதித்தால் சட்டம் விலகும், தட்டிய ஸ்வரமெல்லாம் ஒலித்துக்கொண்டே இருக்கும். காலை எடுத்தால் எல்லாம் ஒன்றாக அடங்கும். நான் காலை எடுப்பதே அரிது. வழக்கமான மூன்று ஆக்டேவ் வைப்ரஃபோன் நடு சி-க்குக் கீழுள்ள எஃப்-இல் தொடங்குகிறது. பேஸ் மேலே ஏறிப் பாட ஆசைப்படும்போது வந்து சேரும் இடமும் அதுதான். அந்த இடத்தை நான் இரவு முழுக்க ரீங்காரத்தால் அடைத்து வைத்திருந்தேன்.

ஒரு கச்சேரியை டிரம்மர் கைபேசியில் பதிவு செய்து அனுப்பினார். வீட்டில் உட்கார்ந்து கேட்டேன். ‘பாடி அண்ட் சோல்’. முப்பத்திரண்டு பார் கொண்ட பாட்டு. மூன்றாவது எட்டு பாரில் சுருதி அரை ஸ்வரம் மேலேறும். முதல் எட்டு போனது. இரண்டாவது எட்டும் போனது. சுருதி மாறும் இடத்தில் என் கார்ட் விழுந்தது. ஏதோ குறைந்தது. பதிவில்தான் கோளாறு என்று நினைத்து, பின்னால் தள்ளி மறுபடி கேட்டேன். ஸ்னேர் மேல் பிரஷ் உரசுவது தெளிவாகக் கேட்டது. யாரோ தட்டில் கரண்டி வைப்பதுகூடக் கேட்டது. பேஸ் மட்டும் இல்லை. அவர் கையை எடுத்துவிட்டிருந்தார். எட்டு பாரிலும் என் இடது கை அடி ஸ்வரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போகிறது, கொஞ்சமும் தயங்காமல். கடைசி எட்டில் அவர் மெல்ல உள்ளே வருகிறார். அதுவும் எனக்கு அன்று தெரியவில்லை. மேடையில் எங்கள் இருவருக்கும் நடுவே கை நீட்டினால் தொடும் தூரம்தான்.

அவரை அழைத்தேன். அவர் கோபப்படவில்லை. “நீ என்னைத் தேடுகிறாயா என்று பார்த்தேன்” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் வேறொரு குழுவுக்குப் போய்விட்டார். அவர் இல்லாத இடத்தில் டிரம்மரும் தங்கவில்லை.

அதன் பிறகுதான், பழைய பாணி என்று ஒதுக்கி வைத்திருந்த ரெட் நார்வோ ட்ரியோவை ஒழுங்காகக் கேட்டேன். நான் கேட்டவை 1950, 51-இல் டிஸ்கவரி நிறுவனத்துக்காகப் பதிவானவை. வைப்ரஃபோன் வாசித்த நார்வோவோடு கிதாரில் டால் ஃபார்லோ, பேஸில் சார்லஸ் மிங்கஸ். நார்வோ கூப்பிட்டபோது மிங்கஸ் லாஸ் ஏஞ்சலீஸில் தபால் பட்டுவாடா செய்துகொண்டிருந்தாராம். அந்த ட்ரியோவில் டிரம்ஸ்கூட இல்லை. ஃபார்லோ சில இடங்களில் கிதாரையே தட்டித் தாளம் கொடுக்கிறார். சைலஃபோனிலிருந்து வந்த நார்வோவின் ஒலியில் அதிர்வுக் குழைவு இல்லை, தட்டியதும் விலகிவிடுகிறார். எவ்வளவு வேகமாகப் போனாலும் மிங்கஸின் நடை தனியாகக் காதில் விழுகிறது.

பெடலைத் தொடாமல் பயிற்சி செய்ய ஆரம்பித்தேன். பிறகு மாலட்டாலேயே அடக்கும் வித்தை: ஒரு மாலட் புது ஸ்வரத்தைத் தட்டும்போது இன்னொன்றின் தலையைப் பழைய பட்டைமேல் அழுத்தினால், அது மட்டும் நிற்கும், மற்றவை தொடரும். கைக்கு வர நெடுநாள் ஆயிற்று. காதுக்கு அதைவிட அதிகம்.

இப்போது வேறொரு பேஸ் கலைஞரோடு வாசிக்கிறேன். அடி ஸ்வரம் அவருடையது. நார்வோ ட்ரியோவை இதுவரை கேட்காதவர்கள் தயவுசெய்து கேளுங்கள். முதல் தடவை வைப்ரஃபோனை விட்டுவிடுங்கள், மிங்கஸை மட்டும் பின்தொடருங்கள்.