தாம்பரம் டு பள்ளிக்கரணை: ரோட்டோரத்தில் ஒரு பி.எஸ்சி. வகுப்பறை!

ப்ளஸ் டூவில் பயாலஜி குரூப் எடுத்த பிள்ளை இருக்கும் வீட்டில், ரிசல்ட் நேரத்தில் ஒரே பேச்சுதான்: நீட். 2017 முதல் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர அதுதான் வாசல். அந்த வாசல் திறக்காதவர்களில் பலர் பி.எஸ்சி. தாவரவியல், விலங்கியல் பக்கம் வருகிறார்கள். உடனே சொந்தக்காரர்கள், "அடடா, டாக்டர் சீட் கிடைக்கலையா?" என்று துக்கம் விசாரிக்காத குறை!

அப்படி விசாரிப்பவர்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்ட ஒரு ரோடு இருக்கிறது. தாம்பரத்தில் கிளம்பி மேடவாக்கம், பள்ளிக்கரணை வழியாக வேளச்சேரி போகும் ரோடு அது.

கெமிஸ்ட்ரி பேராசிரியர் வளர்த்த காடு

தாம்பரம் ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கினால், கொஞ்ச தூரத்திலேயே சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. 1837-ல் தொடங்கி, நூறு ஆண்டுகள் ஜார்ஜ் டவுன் பகுதியில் இயங்கி, 1937-ல் தாம்பரம் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி. ஆனால், பட்டம் கொடுக்கும் அந்தப் பல்கலைக்கழகமே 1857-ல்தான் பிறந்தது. அதைவிடக் கல்லூரி 20 வயது மூத்தது!

வளாகம் சுமார் 365 ஏக்கர். எங்கள் பக்கத்து மண்ணுக்கே உரிய புதர்க்காடு இங்கே இன்னும் மிச்சமிருக்கிறது. களா, சூரை, காரை என்று முள்ளும் புதருமாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெரிய மழை, மற்ற மாதங்களில் வெயில்தான் என்ற நம் கடற்கரை ஊர்க் கணக்குக்குத் தகுந்தபடி வளர்ந்த காடு. இதனூடே புள்ளிமான்களும் திரிகின்றன.

இந்தப் பசுமையைப் பேணி வளர்த்தவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் பார்ன்ஸ். அவர் வேலை பார்த்தது வேதியியல் துறையில்! செடிகள் மேல் இருந்த ஆர்வத்தில் மலைமலையாகச் சுற்றினார். சேம்பு குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மேற்குத் தொடர்ச்சி மலைச் செடிக்கு, அவர் நினைவாக 'அரிசீமா பார்ன்சியை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இப்படி ஒரு காடு பக்கத்தில் இருந்தால் சூழலியல் பாடம் சுலபம். கயிறு கட்டிச் சதுரம் பிரித்து, அதற்குள் எத்தனை வகைச் செடி, ஒவ்வொன்றிலும் எத்தனை என்று எண்ண வேண்டும். எண்ணி முடிக்கும்போது, 'சும்மா முள்ளு' என்று நாம் கடந்துபோன இடத்தில் பத்துப் பெயர்கள் இருக்கும். விலங்கியலிலும் காலம் மாறிவிட்டது. மெழுகுத் தட்டில் தவளையை அறுக்கும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லி 2014-லேயே யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. உயிரோடு இருப்பதை, இருக்கும் இடத்தில் போய்ப் பார்ப்பதற்கு மதிப்பு கூடியிருக்கிறது.

தண்ணீர் போகும் வழி

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம். பஸ்ஸில் கண்டக்டர் சொல்லும் இந்தப் பெயர்களில் ஏரிகள் உண்டு. செம்பாக்கம் ஏரி நிரம்பினால், உபரி நீர் கீழே இருக்கும் ஏரிகளைத் தொட்டுக்கொண்டு பள்ளிக்கரணைக்குப் போகிறது. அந்தப் பாதையில் கட்டடம் முளைத்தால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். 2015 டிசம்பரில் தென்சென்னைக்காரர்கள் இந்தப் பாடத்தை முழங்கால் தண்ணீரில் நின்று படித்தோம்.

மேடவாக்கம் அருகே நன்மங்கலம் காப்புக்காடு. பழைய கல்குவாரிகளின் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தை வாழ்கிறது. மனிதன் வெட்டிப்போட்டுப் போன பள்ளத்தையும் ஓர் உயிர் வீடாக்கிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்தது பள்ளிக்கரணை. ஒரு பக்கம் ஐ.டி. கட்டடங்கள், ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேடு, நடுவில் சதுப்புநிலம். பூநாரைகளும் வாத்துகளும் இலைக்கோழிகளும் இதை நம்பித்தான் வருகின்றன. 2022-ல் சுமார் 1,247 ஹெக்டேர் பரப்பு ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது. அப்படி ஒரு பட்டியலில் இடம்பெற, 'அழகான இடம்' என்று சொன்னால் போதாது. எந்தப் பறவை, எந்த மாதம், எத்தனை என்று யாராவது வருடக்கணக்கில் எண்ணி எழுதியிருக்க வேண்டும். உயிரியல் படித்தவரின் வேலை அதுதான். எண்ண ஆள் இல்லாத நிலத்தை 'காலி இடம்' என்று சொல்லிவிடுவது ரொம்ப எளிது.

சரி, வேலை?

அப்பா, அம்மாவின் கேள்வி நியாயமானதே. பி.எஸ்சி.யோடு பி.எட். முடித்தால் ஆசிரியர் பணி, எம்.எஸ்சி., ஆராய்ச்சி என்று மேலே போகலாம். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்திய வனப் பணித் தேர்வுக்குத் தகுதியான பாடங்களில் தாவரவியலும் விலங்கியலும் உண்டு. ஒன்று மட்டும் கவனியுங்கள். இப்போது பல கல்லூரிகளில் 'பயோடெக்னாலஜி' சேர்த்து நீளமான பெயர்களில் பட்டங்கள் இருக்கின்றன. நீங்கள் குறிவைக்கும் தேர்வுக்கு அந்தப் பட்டம் இணையானதா என்று அட்மிஷனுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படிப்பைத் தேர்வு செய்யும் முன் ஒரு நாள் இந்த ரோட்டில் போய் வாருங்கள். டிசம்பர், ஜனவரி என்றால் வலசைப் பறவைகளும் இருக்கும். கல்லூரிக்குள் போக அனுமதி கேட்க வேண்டும். சதுப்புநிலத்தைச் சாலையோரம் நின்றே பார்க்கலாம். பள்ளிக்கரணையில் இறங்கியதும் போனைப் பையில் வைத்துவிட்டு, கண்ணில் படும் பறவைகளைப் பத்து நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். பத்து நிமிடம் முடிந்தும் "இன்னும் கொஞ்ச நேரம்" என்று பிள்ளை கேட்டால், அப்ளிகேஷன் வாங்கிவிடலாம்!