அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தன்

நேத்து அன்னதானத்துக்குக் காய் நறுக்கும்போது ஒருத்தர் போனில் டிக்டாக் லைவ் ஒண்ணு காட்டினார். ஒரு பெண்ணைக் கேவலமா பேசுறாங்க. சுத்தி எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

2024 ஜூலையில் இதே கோலாலம்பூரில்தான் நம்ம ஈஷா, ராஜேஸ்வரி, டிக்டாக் மிரட்டல் தாங்காமல் உயிரை விட்டார். முதல் நாள்தான் போலீஸ் ரிப்போர்ட் செய்திருந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்குக் கிடைத்த அபராதம் 100 ரிங்கிட். மக்கள் கொதிச்ச பிறகு குற்றவியல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2025 ஜூலையிலிருந்து இணைய மிரட்டலுக்குச் சிறைத்தண்டனையும் உண்டு.

ஆனா சட்டம் பேசுறவனைத்தான் பிடிக்கும், பார்க்கிறவனை இல்ல. ஷிப்ட் முடிஞ்சு வந்து அந்த மாதிரி லைவ் நானும் பார்த்தவன்தான். ஒரு வார்த்தைகூட எழுதல. ஆனா கூட்டம் சேரச் சேரத்தானே அவங்களுக்குத் தைரியம்? ஒருநாள் என் மக கேட்டா, "அப்பா, என்னைப் பேசினாலும் இப்படித்தான் பார்ப்பீங்களா?" அன்னைக்கு விட்டேன்.

அம்மனைக் கும்பிடுற கையால அதை ஷேர் பண்ணாதீங்க, டிக்டாக்கில் ரிப்போர்ட் பண்ணுங்க. பாதிக்கப்பட்ட பெண்ணிடம் "நீ ஏன் லைவ் போனே"ன்னு கேக்காதீங்க. தாலியான் காசே 15999 எண்ணைக் கொடுங்க. கூடவே நில்லுங்க.

ஓம் சக்தி.