ஒரு கழித்தற் கணக்கின் நிறுவல்

எமது கல்லூரியின் விழா மலருக்கு ஏதேனும் எழுதியனுப்புமாறு பழைய மாணவர் சங்கத்தினர் பணித்தபொழுது, விளையாட்டுத் திடலிலோ விவாத அரங்கிலோ பெயர் ஈட்டாத யான் எதனை எழுதுவேனென மயங்கினேன். ஈற்றில், என் தொழிலில் யான் விட்ட ஒரு பிழையையும், நெடுங்காலத்தின் பின் அதனை விளங்கிக்கொண்ட வகையையும் எழுதத் துணிந்தேன்.

கேத்திரகணித வகுப்பிலே எமது ஆசிரியர் தேற்றத்தின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே காரணம் எழுதுவிப்பார். “பார்த்தாலே தெரிகிறது, சேர்” என்பவன் வாங்கின் மேல் ஏறி நிற்றல் வேண்டும். யான் பலமுறை நின்றவன்.

பிற்காலத்தில் ஓர் அலுவலகத்தின் சம்பளக் கணக்குக்காகச் சிறு தொகுப்பான் ஒன்றை எழுதினேன். மனிதர் எழுதும் கோவையைப் பொறி ஏற்கும் அறிவுறுத்தல்களாக மாற்றுவது தொகுப்பான். யான் கொண்ட பொறியோ மிக எளியது. கோப்பைகளை அடுக்குவதுபோல எண்களை ஒன்றன்மேலொன்றாக வைத்து, மேலுள்ள இரண்டை எடுத்துக் கணித்து, விடையை மீண்டும் மேலே வைப்பதே அதன் தொழில் முழுவதும். (7 − 3) × 2 என்பது, 7 ஐ வை, 3 ஐ வை, கழி, 2 ஐ வை, பெருக்கு என ஐந்து அறிவுறுத்தல்களாகும். கழிக்குங்கால் கீழுள்ளதிலிருந்து மேலுள்ளதைக் கழித்தல் வேண்டும்.

இதில் யான் ஒரு சிக்கனம் செய்தேன். வலப்பக்கத்துக் கோவை நீண்டதாயின் அதனை முதலிற் கணித்தால் அடுக்கின் உயரம் குறையும். அவ்வாறே செய்து, நூற்றுக்கணக்கான கணக்குகளைக் கொடுத்துச் சோதித்தேன். யாவும் சரியாயின. இரண்டாண்டுகளின் பின், கழிவுகளை அடைப்புக்குள் கூட்டிச் சம்பளத்திலிருந்து கழிக்கும் சூத்திரம் ஒன்றை ஒருவர் முதன்முறையாக எழுதினார். அம்மாதச் சீட்டுடன் முதலில் வந்தவர் முதியவரான காவலாளி. “தம்பி, மாதம் முழுக்க இரவிலை விழிச்சிருந்ததுக்கு நான் கந்தோருக்குக் காசு கட்ட வேணுமோ?” என்று கேட்டார். சீட்டில் அவருடைய சம்பளம் சயத் தொகையாக நின்றது. அன்றே திருத்தினேன், ஆயினும் அவர் நின்ற நிலை என் மனத்தைவிட்டு அகலவில்லை.

ஓய்வுபெற்ற பின், அத்தொகுப்பானைச் சோதிப்பதன்றி நிறுவியே பார்த்தல் வேண்டுமென அவாவினேன். இது புதிய எண்ணமன்று. ஜோன் மக்கார்த்தியும் ஜேம்ஸ் பெயின்ரரும் எண்கணிதக் கோவைகளுக்கான தொகுப்பான் ஒன்றின் திருத்தத்தை நிறுவி 1967 இல் வெளியிட்டனர். இன்று நிறுவலின் ஒவ்வொரு படியையும் கணினியே சரிபார்க்கும். பிரான்சிலே 1984 இல் தொடங்கப்பெற்று, ‘கொக்’ என வழங்கி, 2025 இல் ‘ரொக்’ எனப் பெயர் மாறிய செயலியை யான் எடுத்துக்கொண்டேன். எம் ஆசிரியரைப் போன்று அதுவும் “தெரிகிறது” என்பதை ஏற்பதில்லை; வாங்கின் மேல் ஏற்றாதது ஒன்றே வேறுபாடு.

முதலிற் சிக்கனத்தை நீக்கி, வெற்றடுக்கில் தொடங்கிக் கோவையின் அறிவுறுத்தல்களை இயக்கினால் அதன் பெறுமானம் மட்டுமே அடுக்கில் எஞ்சும் என்பதைத் தேற்றமாகக் கொண்டேன். தொகுத்தறி முறையால் நிறுவ முயன்று நான்கு மாலைகளை இழந்தேன். இடப்பக்கத்தைக் கணித்தபின் அடுக்கு வெறுமையாக இருப்பதில்லை. செய்யவேண்டிய அறிவுறுத்தல்களும் மீந்திருக்கும். ஆகவே கருதுகோள் பயன்படவில்லை. அடுக்கில் முன்னர் எது இருப்பினும், பின்னர் எவ்வறிவுறுத்தல்கள் தொடரினும், கோவையின் பெறுமானம் மேலே வைக்கப்பட்டு எஞ்சியவை தொடரும் என்று தேற்றத்தை விரித்தேன். நிறுவல் சில வரிகளில் முடிந்தது. சிறியதை நிறுவ இயலாதவிடத்துப் பெரியதை நிறுவ இயன்றமை எனக்கு இன்றும் வியப்பே.

பின்னர் என் பழைய சிக்கனத்தை, பிழை திருத்தாமலே, அவ்விடத்திற் சேர்த்தேன். கூட்டலைக் கடந்தது, பெருக்கலையும் கடந்தது. கழித்தலில் நின்றது. எல்லா a, b இற்கும் a − b = b − a என நிறுவுக என்ற ஒரு வரி திரையில் எஞ்சியது. நூற்றுக்கணக்கான சோதனைகள் காட்டாததை அவ்வொரு வரி கேட்டது. நெடுநேரம் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தகைய பிழை கற்றுக்குட்டிகளுக்கே உரியதன்று. யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், பலரும் நம்பிப் பயன்படுத்திய சீ மொழித் தொகுப்பான்களில் 325 இற்கு மேற்பட்ட பிழைகளைக் கண்டனர். சேவியர் லெரோய் குழுவினர் கொக் செயலியால் நிறுவிய ‘கொம்ப்சேர்ட்’ தொகுப்பானின் நிறுவப்பட்ட பகுதியில் மட்டும், பிழையான விடை தரும் குற்றம் எதனையும் அவர்கள் காணவில்லை. எனினும், கழித்தலின் பொருளையே யான் தலைகீழாக வரையறுத்திருப்பின், செயலி அதனையும் மறுப்பின்றி நிறுவியிருக்கும் என்பதை இளைய மாணவர் கருத்திற் கொள்க.

மேலுள்ள இரு எண்களையும் இடம் மாற்றும் அறிவுறுத்தல் ஒன்றைப் பொறிக்குச் சேர்த்து, கழித்தலுக்கு முன் அதனை இட்டேன், நிறுவல் நிறைவெய்தியது. என் எண்கள் முழுவெண்களே. சதங்களை அண்மைப்படுத்தும் பகுதியை இன்னும் நிறுவவில்லை. இம்மாரியில் அதனைத் தொடங்கியிருக்கிறேன்.