மலையேறும் ரயிலைப் பார்க்க படி இறங்க வேண்டும்!

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் இருக்கும் பல்போவா பூங்காவுக்கு வருபவர்களில் பலர் மிருகக்காட்சிசாலைக்காகத்தான் வருகிறார்கள். யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் பார்த்துக் கால் ஓய்ந்த பிறகு, 'எல் பிராடோ' என்ற அகலமான நடைபாதையில் காற்று வாங்கிக்கொண்டு நடப்பார்கள். இரண்டு பக்கமும் ஸ்பானிய பாணியில் அலங்காரமான கட்டடங்கள். அதில் ஒன்று 'காஸா டி பல்போவா'. அதன் கீழ்த்தளத்துக்குப் படி இறங்கினால், வெயிலும் கூட்டமும் மேலேயே நின்றுவிடுகின்றன. கீழே ரயில் ஓடும் சத்தம் கேட்கிறது!

சான் டியாகோ மாடல் ரயில் மியூசியம் அங்கேதான் இருக்கிறது. தொடங்கிய வருடம் 1982.

'மாடல் ரயில்' என்றதும் குழந்தைகளுக்குப் பிறந்தநாள் பரிசாக வரும் பொம்மை ரயில்தான் நமக்கு நினைவுக்கு வரும். வட்டமாக ஒரு தண்டவாளம், சாவி கொடுத்தால் நாலு சுற்று, ஐந்தாவது சுற்றில் கவிழ்ந்துவிடும். அந்த வகைக்கும் இங்கே ஒரு பகுதி உண்டு. பழைய லயனல் கம்பெனி பொம்மை ரயில்கள் பளபளவென்று சுற்றிவருகின்றன. குட்டிப் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். ஆனால் பெரியவர்களைப் பிடித்து நிறுத்துவது வேறு இடம். அங்கே இருப்பது ஒரு மலை. கலிஃபோர்னியாவில் நிஜமாகவே இருக்கும் டெஹாச்சபி மலைப்பாதை.

அந்த மலையின் கதை தெரிந்தால்தான் மாடலின் அருமை புரியும்.

1870களில் கலிஃபோர்னியாவின் வடக்கையும் தெற்கையும் ரயிலால் இணைக்க நினைத்தது சதர்ன் பசிபிக் கம்பெனி. நடுவில் டெஹாச்சபி மலைத்தொடர் குறுக்கே நின்றது. நம் நீலகிரி மலை ரயில் கல்லாருக்கு மேலே பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி உயரம். சில பெட்டிகளுக்கு அது சரிப்படும். பாரம் ஏற்றிய நீண்ட கூட்ஸ் வண்டிக்குச் சரிப்படாது. அதற்கு ஐம்பது அடிக்கு ஓர் அடி என்ற அளவில்தான் சரிவு இருக்க வேண்டும். மலை செங்குத்தாக இருக்கிறது, பாதையோ சாய்வாக இருக்க வேண்டும் என்றால் ஒரே வழிதான்: பாதையை நீளமாக்குவது. பொறியாளர்கள் ஒரு சிறு குன்றைச் சுற்றித் தண்டவாளத்தை வளைத்துக்கொண்டு வந்து, கீழே கடந்த அதே பாதைக்கு மேலேயே கொண்டுபோய்விட்டார்கள். டார்ஜீலிங் போனவர்கள் பார்த்திருக்கும் படாசியா வளைவும் இதே யுக்திதான். ஆனால் அங்கே ஓடுவது இரண்டடி அகலத் தண்டவாளத்தில் குட்டி ரயில். இங்கே முழு அளவு ரயில்.

டெஹாச்சபி வளைவின் நீளம் 3,779 அடி. ஒரு சுற்று முடிக்கும்போது ரயில் 77 அடி உயர்ந்திருக்கும். ஏறக்குறைய ஏழு மாடி உயரம். வண்டி அந்த 3,779 அடியைவிட நீளமாக இருந்தால் வேடிக்கையைப் பார்க்க வேண்டும். இன்ஜின் மேல் பாதையில் போய்க்கொண்டிருக்கும். அதே வண்டியின் கடைசிப் பெட்டிகள் கீழே சுரங்கப்பாதைக்குள் நுழைந்துகொண்டிருக்கும். பாம்பு தன் வாலைத் தானே தாண்டுவது மாதிரி!

மியூசியத்தில் இதை 'ஹெச்.ஓ.' அளவில் செய்திருக்கிறார்கள். அதாவது நிஜத்தில் 87 பங்கில் ஒரு பங்கு. ஐந்தரை அடி மனிதர் முக்கால் அங்குலத்துக்குள் அடங்கிவிடுவார். தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிஜ வளைவை இந்த அளவில் அப்படியே சுருக்கினாலும் நாற்பது அடிக்கு மேல் நீளம் வரும். குறுக்களவே பதினான்கு அடி! எந்த வீட்டு ஹாலில் இதை வைப்பது? அதனால்தான் வீட்டில் ரயில் வைத்து விளையாடுபவர்கள் இறுக்கமான வளைவோடு திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். மலையை மலையாகவே காட்ட ஆசைப்பட்டால் பலர் சேர வேண்டும், பெரிய இடம் வேண்டும். சான் டியாகோவில் அப்படிச் சேர்ந்தவர்கள்தான் 'லா மேசா' மாடல் ரயில் கிளப்காரர்கள். டெஹாச்சபி மாடல் அவர்களுடைய கைவேலை. கூடத்தில் இருக்கும் மற்ற ரயில்பாதைகளையும் இப்படிப்பட்ட கிளப்புகள்தான் கட்டிக் காப்பாற்றுகின்றன. யாருக்கும் இது சம்பள வேலை இல்லை.

அவர்கள் கட்டியிருப்பது இன்றைய டெஹாச்சபி அல்ல, 1950களின் டெஹாச்சபி. நீராவி இன்ஜின் விடைபெற்று டீசல் இன்ஜின் வந்துகொண்டிருந்த காலம். இரண்டையும் ஒரே பாதையில் ஓடவிடலாம் என்பதால் மாடல் ரயில்காரர்களுக்கு அந்தக் காலத்தின் மேல் தனி மோகம். சதர்ன் பசிபிக்கின் 'கேப் ஃபார்வர்ட்' என்ற இன்ஜின் வகையையும் அந்தக் காலத்தில்தான் பார்க்க முடியும். சாதாரண நீராவி இன்ஜினில் டிரைவர் பாய்லருக்குப் பின்னால் நிற்பார். நீளமான சுரங்கப்பாதைக்குள் போனால் முன்னால் போகும் புகை முழுவதும் அவர் முகத்தில்தான் அடிக்கும், மூச்சுத் திணறும். எனவே இன்ஜினையே திருப்பிப் போட்டு, டிரைவரை முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள், புகைபோக்கி பின்னால் போய்விட்டது. எரிபொருள் எண்ணெய் என்பதால் இது முடிந்தது. நிலக்கரி என்றால் அத்தனை தூரம் யார் கரியை அள்ளிக்கொண்டு வந்து போடுவது? இந்த வகையில் உலகத்தில் மிஞ்சியிருக்கும் நிஜ இன்ஜின் ஒன்றே ஒன்றுதான். எண் 4294. அது சாக்ரமென்டோ நகர ரயில் மியூசியத்தில் நிற்கிறது, ஓடுவதில்லை. ஓட்டத்தில் பார்க்க வேண்டும் என்றால் மாடல்தான் கதி.

சும்மா சுவிட்சைத் தட்டி ஓடவிடுவதோடு கிளப்காரர்கள் நிறுத்துவதில்லை. குறிப்பிட்ட நாட்களில் எல்லோரும் கூடி, அந்தக் காலத்து ரயில்வே எப்படி நடந்ததோ அப்படியே நடத்துகிறார்கள். கால அட்டவணை உண்டு. ஒருவர் கன்ட்ரோலர். சிலர் டிரைவர்கள். மலைப்பாதையில் பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால் எது எந்த ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு வர வேண்டும். வராமல் நகரக் கூடாது.

நம்மூர்ப் பெரியவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒற்றைப் பாதை ஸ்டேஷன்களில் பிரம்பு வளையத்தோடு ஆள் நிற்பார். வேகம் குறைத்து வரும் இன்ஜினிலிருந்து ஒரு கை நீண்டு அந்த வளையத்தைக் கொத்திக்கொண்டு போகும். உள்ளே இருக்கும் டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை எடுக்க மாட்டார். அமெரிக்காவில் டோக்கனுக்குப் பதில் மெல்லிய காகிதத்தில் எழுதிய உத்தரவு. அதையும் ஒரு கவைக்கோலில் மாட்டி நீட்டுவார்கள். ஓடும் வண்டியிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். நிஜ ரயிலில் அந்தக் காகிதத்தில் ஓர் எழுத்து தவறினால் உயிர் போகும். மாடலில் போகாது. ஆனாலும் முக்கால் அங்குல மனிதர்கள் இருக்கும் ரயிலை, நிஜம் போலவே ஒதுக்குப்பாதையில் காத்திருக்க வைக்கிறார்கள். விளையாட்டு என்று இதைச் சொல்லலாமா என்பதே சந்தேகம்தான்.

1950களில் நிறுத்தியதால் இந்த மலைச்சரிவில் இல்லாமல்போனவர்கள் உண்டு. இந்தப் பாதையை வெட்டியவர்கள். 1874 முதல் 1876 வரை இங்கே வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். மூவாயிரம் பேர் வரை இருந்தார்கள். கடப்பாரை, மண்வெட்டி, குதிரை வண்டி, வெடிமருந்து. இவற்றை மட்டும் வைத்து, இரண்டு வருடத்துக்குள் 28 மைல் மலைப்பாதையில் 18 சுரங்கப்பாதைகளைக் குடைந்து முடித்தார்கள். முடித்து ஆறே வருடத்தில், 1882ல், சீனத் தொழிலாளர்கள் இனி அமெரிக்காவுக்குள் வரக் கூடாது என்று சட்டம் வந்தது. மாடலில் வளைவைச் சுற்றி ரயில் ஏறுவதை ரசிக்கும்போது இதையும் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

அந்தப் பாதைக்கு ஒரு பெரிய சோதனையும் 1950களில்தான் வந்தது. 1952 ஜூலை 21 அதிகாலையில் நிலநடுக்கம். ஒரு சுரங்கப்பாதையில் தண்டவாளம் நூல் மாதிரி வளைந்து, கான்கிரீட் சுவருக்கு அடியிலேயே நுழைந்துவிட்டது. சுவர் மேலே எழும்பி, தண்டவாளம் நழுவி, மறுபடி சுவர் இறங்கியிருக்க வேண்டும் என்றால் பூமி எப்படி ஆடியிருக்கும்! இரவு பகலாக வேலை செய்து ஒரு மாதத்துக்குள் ரயிலை மீண்டும் ஓடவிட்டார்கள்.

பக்கத்திலேயே இன்னொரு பாதை. இது சான் டியாகோவின் சொந்தக் கதை. ஜான் ஸ்ப்ரெக்கல்ஸ் என்ற சர்க்கரைக் குடும்பத்துச் செல்வந்தர் தன் ஊரிலிருந்து கிழக்கே பாலைவனத்தைத் தாண்டி ரயில் போட ஆசைப்பட்டார். 1907ல் தொடங்கிய வேலை 1919 நவம்பரில்தான் முடிந்தது. 'முடியவே முடியாத ரயில்பாதை' என்றே பெயர் வந்துவிட்டது. கரிஸோ பள்ளத்தாக்கில் பாறைக்குப் பாறை சுரங்கப்பாதை. 1932ல் அதில் ஒன்று இடிந்துபோனதால், பாதையை மாற்றிப் பள்ளத்தின் குறுக்கே மரத்தாலேயே ஒரு பாலம் கட்டினார்கள். கோட் கேன்யன் பாலம். உயரம் சுமார் 186 அடி, அதுவும் வளைந்த பாலம். பாலைவனத்தின் வெயிலுக்கும் குளிருக்கும் இரும்பு விரிந்து சுருங்கும் என்பதால் மரம். காற்றுக்கு எதிர்த்து நிற்க வளைவு.

அத்தனை பாடுபட்ட பாதையில் பயணிகள் ரயில் 1951 ஜனவரியோடு நின்றுபோனது. 1976ல் 'கேத்லீன்' புயல் கொட்டிய மழையில் தண்டவாளம் பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது. பிறகு பழுதுபார்த்தும் நிலையாக ஓடவில்லை. இன்று அந்தப் பாலம் பாலைவன நடுவில் தனியாக நிற்கிறது. மியூசியத்தில் இருக்கும் அதன் மாடல் மீது ரயில் போகிறது.

மாடல் ரயில் மியூசியம் இருக்கும் கட்டடத்துக்கே ஒரு கதை உண்டு. 1915ல் நடந்த பெரிய பொருட்காட்சிக்காகக் கட்டிய பழைய கட்டடம் 1978 பிப்ரவரியில் தீக்கிரையானது. அப்போது அங்கே இருந்த விமான மியூசியத்தின் அரிய விமானங்கள் எல்லாம் சாம்பலாகிவிட்டன. அதே இடத்தில் பழைய தோற்றத்திலேயே மறுபடி எழுப்பியதுதான் இந்த காஸா டி பல்போவா.

மகன், மகள் வீட்டுக்குக் கலிஃபோர்னியா போகும் பெற்றோர் பேரக்குழந்தைகளோடு போக ஏற்ற இடம் இது. இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்கும் என்று நினைத்துக் கிளம்பிவிடாமல், நேரத்தைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. உள்ளே கிளப்காரர்கள் யாராவது பழுதுபார்த்துக்கொண்டிருந்தால் தயங்காமல் கேள்வி கேட்கலாம். 160ல் ஒரு பங்கான 'என்' அளவு ரயிலைக் கடைசியாகப் பார்த்தால் நல்லது. அதன் தண்டவாளம் ஒன்பதே மில்லிமீட்டர் அகலம். கண்ணாடி போட்டவர்கள் கழற்றாமல் இருப்பது உத்தமம்.

மாடலைப் பார்த்தவர்களுக்கு நிஜத்தைப் பார்க்கும் ஆசை வரத்தான் செய்யும். டெஹாச்சபி வளைவில் வழக்கமான பயணிகள் ரயில் 1971லேயே நின்றுவிட்டது. சாதாரணமாக டிக்கெட் வாங்கி ஏற வழியில்லை. ஆனால் சான் டியாகோவிலிருந்து காரில் போனால் சுமார் நான்கு மணி நேரத்தில் அந்தக் குன்றை அடையலாம். சாலையோரமாக நின்று, கொண்டுபோன சாப்பாட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். கூட்ஸ் வண்டிகள் இன்றும் இரவு பகலாகப் போகின்றன. முதலில் கீழே இன்ஜின் தெரியும். மெதுவாகக் குன்றைச் சுற்றும். வண்டி நீளமாக இருந்தால், கடைசிப் பெட்டி கீழே சுரங்கப்பாதைக்கு வந்து சேரும் முன்பே, இன்ஜின் அதன் தலைக்கு மேலே கடந்து போய்க்கொண்டிருக்கும்.