டர்ஹத்துப் பென்னியும் அம்மன் காசும்

லண்டனிலிருந்து எடின்பரோ போகும் ரயில், டர்ஹத்தை நெருங்கும்போது உயரமான கல்பாலத்தின் மேல் ஓடுகிறது. பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினோம். வியர் ஆறு வளைத்து ஓடும் குன்றின் மேல் பேராலயமும் கோட்டையும் அடுத்தடுத்து நின்றன. ஒன்றில் ஆயர் திருப்பலி நிறைவேற்றினார், மற்றதில் அமர்ந்து அரசாண்டார். இரண்டும் ஒரே ஆள்! படை திரட்ட, வழக்குத் தீர்க்க, நாணயம் அடிக்க, எல்லாவற்றுக்கும் டர்ஹம் ஆயருக்கு உரிமை இருந்தது.

அந்த நாணயத்துக்காகத்தான் போனேன். 1300ஐ ஒட்டிய வெள்ளிப் பென்னி. சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிது. எடை ஒன்றரை கிராம்கூட வராது. மரக்கட்டையில் அறைந்து நிறுத்திய கீழ் அச்சில் வெள்ளித் தகட்டை வைத்து, மேல் அச்சைக் கையில் பிடித்துக்கொண்டு சம்மட்டியால் அடிப்பார்கள். அடி விலகினால் எழுத்தில் பாதி விளிம்புக்கு வெளியே போய்விடும். அப்படிக் குறைப்பட்ட எழுத்துகள்தான் எனக்கு மிகவும் பிடித்தன. அடித்தவனின் கை அவற்றில் இருக்கிறது.

முன்புறம் மன்னர் எட்வர்டின் முகம். ஆயரின் முகம் எங்கும் இல்லை. 1283 முதல் 1311 வரை ஆயராக இருந்த அந்தோணி பெக், எழுத்து தொடங்கும் இடத்தில் தன் சிலுவைக் குறியை மட்டும் வைத்தார். அடுத்து வந்த கெல்லா, பின்புறச் சிலுவையின் ஒரு நுனியை ஆயர் கோலின் தலையாக வளைத்துவிட்டார். தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

அரிமளத்தில் பிறந்தவனுக்கு அங்கே அம்மன் காசு நினைவுக்கு வராமல் இருக்குமா? எங்கள் ஊர் பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்து ஊர். தொண்டைமான் மன்னர்கள் தங்களைப் பிரகதாம்பாள் தாசர் என்று சொல்லிக்கொண்டவர்கள். டர்ஹம் மண்ணையும், அங்கே அடக்கமான புனித கத்பர்ட்டின் சொத்தாகவே அந்நாள் மக்கள் கருதினார்கள். ஆனால் அங்கே காசில் இருப்பது மன்னன் முகம். எங்கள் செப்புக் காசில் இருப்பவள் திருக்கோகர்ணத்து அம்மன் பிரகதாம்பாள். மன்னருக்கோ, காசின் பின்புறத்தில் தெலுங்கில் ‘விஜய’ என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அணாவுக்கு 20 காசு. நவராத்திரியில் அரிசியோடு அதையும் தானமாகக் கொடுத்தார்கள்.

அம்மன் காசும் முதலில் கையால் அடித்ததுதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இயந்திரத்துக்கு மாறியபோது, அதை அடித்துக் கொடுத்த ஊர் பர்மிங்காம். டர்ஹத்து நாணயச்சாலை எட்டாம் ஹென்றி காலத்தோடு ஓய்ந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதே இங்கிலாந்தில் பிரகதாம்பாள் செம்பில் பதிந்து, கப்பலேறிப் புதுக்கோட்டைக்கு வந்தாள்.