கோணலாக ஒரு தேனிலவு

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம் கழித்துத் தேனிலவு போவது, பந்தி முடிந்து இலையை எடுத்த பிறகு பாயசம் வருகிற மாதிரி. வேண்டாம் என்று சொல்லவும் மனசு வராது. எதில் வாங்கிக் குடிப்பது என்றும் தெரியாது.

எங்களுக்கு அந்தப் பாயசத்தைப் பரிமாறியவள் எங்கள் மகள். மிலானில் வேலை பார்க்கிறாள். 2024 செப்டம்பரில் அவளைப் பார்க்க இத்தாலி போயிருந்தோம். போன நாலாம் நாளே, "நாளைக்கு நீங்க வெனிஸ் போறீங்க. டிக்கெட் போட்டாச்சு" என்றாள்.

"நீ வரலையா?"

"இல்லைம்மா. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அம்பயரா நின்னு எனக்குக் கால் வலிக்குது."

இவர் வங்கியில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, அந்த மே மாதம்தான் ரிட்டயர் ஆகியிருந்தார். மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பழக்கதோஷத்தில் பேண்ட் சட்டை மாட்டிக்கொண்டு, போக ஆபீஸ் இல்லாமல், என் சமையலறைக்கு இன்ஸ்பெக்ஷன் வந்தார். டப்பாக்களுக்கெல்லாம் லேபிள் ஒட்டி இங்கிலீஷ் எழுத்து வரிசையில் அடுக்கினார். கடுகு 'எம்'முக்குப் போய்விட்டது. எண்ணெய் காய்ந்து புகைகிறது, நான் 'எம்' எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறேன்!

படிக்க உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். நாலு மாசம் தினமும் இதே கதை என்றால் சிரிப்பு வராது. சண்டை போய், பேச்சும் குறைந்து, கடைசியில் ராத்திரி டி.வி. மட்டும் பேசிக்கொண்டிருந்தது. திருநெல்வேலியில் இருக்கும் என் அக்காவிடம், "இத்தாலியிலேர்ந்து வந்ததும் உன்கூட ரெண்டு மாசம் இருக்கேன்" என்று போனில் சொல்லி வைத்திருந்தேன். இவரிடம் மூச்சு விடவில்லை.

மிலானிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம். வெனிஸ் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால், ஆட்டோ ஸ்டாண்டு இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர்! படி இறங்கினால் கிராண்ட் கெனால். காரும் கிடையாது, ஸ்கூட்டரும் கிடையாது. பஸ் என்றால் படகு, ஆம்புலன்ஸ் என்றால் அதுவும் படகு. 118 தீவுகளை நானூறுக்கும் மேற்பட்ட பாலங்களால் கோத்த ஊர். பாலம் என்றால் சும்மா இல்லை, அத்தனையும் படிக்கட்டு. என் முழங்கால் அப்போதே அழ ஆரம்பித்துவிட்டது.

இவர் கையில் செல்போன், சட்டைப் பையில் செலவுக் கணக்கு நோட்டு. படகு பஸ்ஸில் உட்கார்ந்ததுமே பாடம் ஆரம்பம். சேற்றில் மரக்கட்டைகளை நெருக்கி அடித்து இறக்கி, அதன்மேல் கல்லை அடுக்கி எழுப்பிய ஊராம். காற்றுப் படாத சேற்றுக்குள் கிடப்பதால் மரம் சுலபத்தில் மக்காதாம். "மேல இருக்கிறவங்க அழகா நிக்கணும்னா யாராவது ஒருத்தர் சேத்துல நிக்கணும்" என்றேன். இவர் பேச்சை மாற்றி, கரையில் தெரிந்த மாளிகைகளைக் காட்டினார்.

செயின்ட் மார்க் சதுக்கத்தில் சுமார் 99 மீட்டர் உயரத்துக்கு ஒரு மணிக்கூண்டு. 1609-ல் கலிலியோ இதன்மேல் ஏறி நின்றுதான் ஊர்ப் பெரியவர்களுக்குத் தன் தொலைநோக்கியைக் காட்டினார். 1902 ஜூலை 14-ஆம் தேதி காலையில் அது அப்படியே பொலபொலவென்று சரிந்துவிட்டது. நல்லவேளை, மனித உயிருக்குச் சேதமில்லை. பத்தே வருஷத்தில், அதே இடத்தில் அதே உருவத்தில் திரும்பக் கட்டிவிட்டார்கள். உள்ளே லிஃப்ட் இருக்கிறது என்றதும் என் முழங்கால் இத்தாலிக்கு ஆசீர்வாதம் சொன்னது.

பக்கத்திலேயே பெருமூச்சுப் பாலம். விசாரணை மண்டபத்திலிருந்து சிறைக்குப் போகும் கைதிகள், அதன் சின்ன ஜன்னல் வழியே கடைசியாக ஒரு தடவை ஊரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்களாம். அதே பாலத்துக்கு அடியில் சூரியன் மறைகிற நேரத்தில் படகில் போய் முத்தம் கொடுத்துக்கொண்டால் காதல் நிலைக்கும் என்று ஒரு நம்பிக்கை. மேலே கைதி, கீழே காதலர்! கல்யாணம் பற்றி நன்றாகத் தெரிந்த யாரோதான் இதைக் கிளப்பிவிட்டிருக்க வேண்டும்.

இந்த ஊரே கல்யாணமான ஊர். டோஜ் என்கிற ஊர்த் தலைவர் வருஷா வருஷம் ஏசுநாதர் விண்ணேறிய திருநாளில் அலங்காரப் படகில் போய்க் கடலில் மோதிரத்தைப் போடுவார். கடலுக்கும் வெனிஸுக்கும் கல்யாணம்! 1797-ல் அந்தக் குடியரசு முடிந்து போனது. இப்போது அந்தச் சடங்கை மேயர் செய்கிறார்.

"வருஷத்துக்கு ஒரு மோதிரமா?" என்று இவர் அதிர்ந்தார்.

கட்டிக்கொண்டவள் வீட்டுக்குள் வராமல் இருப்பாளா? 1966 நவம்பரில் கடல்மட்டம் 194 சென்டிமீட்டர் ஏறி ஊரையே முழுக்காட்டியது. 2019-ல் மறுபடி 187. அதன்பின் 2020-லிருந்து, கடல் நுழைகிற மூன்று வாய்களில் 78 இரும்புக் கதவுகள் வேலை செய்கின்றன. சாதாரண நாளில் கடலடியில் படுத்துக் கிடக்கும். வெள்ளம் வரும்போது மட்டும் எழுந்து நிற்கும். "நல்ல ஏற்பாடு. மத்த நேரமெல்லாம் திறந்தே கிடக்கு பாருங்க" என்றேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை.

வெனிஸ் போய்விட்டு கோண்டோலாவில் ஏறாமல் வரலாமா? ரேட் போர்டைப் பார்த்தோம். அரை மணிக்கு 90 யூரோ, ராத்திரி ஏழுக்கு மேல் 110. நகர நிர்வாகமே நிர்ணயித்த கட்டணம், பேரமெல்லாம் பலிக்காது. எட்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்! இவர் முகம் வாராக்கடனைப் பார்த்த மேனேஜர் முகம் மாதிரி ஆகிவிட்டது. "ஏறவேண்டாம், பார்க்கலாம்" என்று நடந்தோம்.

அகாடமியா மரப்பாலத்தைத் தாண்டி சான் ட்ரோவாஸோ என்ற இடம். அங்கே கோண்டோலா செய்து, பழுது பார்க்கிற பட்டறை இருக்கிறது. எதிர்க்கரையில் நின்று காசில்லாமல் பார்க்கலாம். கரையேற்றிக் கவிழ்த்து வைத்திருந்த படகைப் பார்த்ததும், "என்னங்க, கோணலா இருக்கே!" என்றேன்.

"கோணல்தான். வேணும்னே செய்யறாங்க" என்றார் இவர். சுமார் 11 மீட்டர் நீளப் படகில், இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலம் அதிகம். ஓட்டுகிறவர் பின்னால் நின்று, வலப்பக்கம் மட்டும் ஒற்றைத் துடுப்புப் போடுகிறார். படகை ஒழுங்காகச் செய்தால் அது இடப்பக்கமே திரும்பிச் சுற்றும். கோணலாகச் செய்தால்தான் நேராகப் போகும்.

கொஞ்ச தூரத்தில் கடலைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து, மகள் கட்டிக் கொடுத்த புளியோதரையைப் பிரித்தோம். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"முப்பத்திரண்டு வருஷமா நம்ம வீட்டையும் நான் ஒத்தைத் துடுப்புலதான் ஓட்டியிருக்கேன். காலைல போனா ராத்திரி வருவீங்க. அதுக்குத் தோதா வீடும் ஒரு பக்கம் சாஞ்சு பழகிடுச்சு. இப்ப திடீர்னு நீங்க வந்து இன்னொரு பக்கம் நின்னா, ஆடாம என்ன செய்யும்?"

இவர் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்க நிக்கணும்னு எனக்கே தெரியலை" என்றார். "நீ உங்க அக்கா வீட்டுக்குப் போறதும் எனக்குத் தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார் சொன்னது?"

"உங்க அக்கா போன்ல பேசினா தெருவுக்கே கேக்கும். ரெண்டு மாசம்னு காதுல விழுந்துச்சு. ரிட்டர்ன் டிக்கெட் உண்டான்னு விழலை."

புளியோதரை தொண்டையில் நின்றது. நாலு மாசமாக டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த மனுஷர், இதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ரிட்டர்ன் டிக்கெட் உண்டு" என்றேன்.

அப்புறம் பேச்சுவார்த்தை சுமுகமாக நடந்தது. காலை பத்து மணி வரை சமையல்கட்டுப் பக்கம் அவர் வரக்கூடாது. சாயங்காலக் காபி அவர் பொறுப்பு. லேபிள் இருக்கலாம், இங்கிலீஷ் வரிசை கூடாது.

"அப்ப தமிழ் அகரவரிசையா?"

"என் கைக்கு எட்டுற வரிசை!"

சாயங்காலம் ரியால்டோ மார்க்கெட் பக்கம் போனோம். பாலம் தொலைவாக இருக்கும் இடங்களில், கிராண்ட் கெனாலைக் குறுக்கே கடக்க ட்ராகெட்டோ என்று ஒன்று ஓடுகிறது. அதுவும் கோண்டோலா ஜாதிதான், உள்ளே அலங்காரம் கிடையாது. ஆளுக்கு 2 யூரோ. ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் என்று இரண்டு பேர் துடுப்புப் போடுகிறார்கள். ஊர்க்காரர்கள் நின்றபடியே பயணம் செய்கிறார்கள். நாங்களும் நின்றோம். படகு ஆடியது. தெருவில் என்னைவிடப் பத்தடி முன்னால் நடந்தே பழக்கப்பட்டவர் சட்டென்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். விழாமல் இருக்கத்தான், வேறொன்றுமில்லை. மொத்தமே இரண்டு மூன்று நிமிஷம்தான். கரை வந்த பிறகும் கையை எடுக்க அவருக்குக் கொஞ்சம் தாமதமானது.

ரயிலில் கணக்கு நோட்டைத் திறந்து, 'படகு 4 யூரோ, மிச்சம் 86 யூரோ' என்று எழுதினார். ஊருக்கு வந்ததும் அந்த மிச்சத்துக்கு நான் ஒரு பட்டுப் புடவை எடுத்துக்கொண்டேன்.

அக்காவிடம் சொன்ன இரண்டு மாசத்தைப் பத்து நாளாகக் குறைத்துவிட்டேன். ஏன் என்று கேட்டாள். கோணல் படகு நேராகப் போகிற விஷயத்தை விலாவாரியாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கு இத்தாலி வரைக்கும் போகணுமாடி? உங்க ரெண்டு பேரையும் பார்த்தாலே தெரியுமே!" என்றாள்.

தெருவுக்கே கேட்டிருக்கும்.