எருமை மேல் ஏற்றிய மனுஷன்

படப்பைப் பக்கம் எங்க நிலம். திருவிழா வரி கொடுக்க மாட்டேன்னு அப்பா சொன்ன வருஷம் வாய்க்காலை மறிச்சுட்டாங்க. நாத்து கண்ணெதிரே காஞ்சது. "கொடுத்துடுங்கப்பா"ன்னு அழுதேன். அவர் குடத்தில் தண்ணி சுமந்தார். ஞாயிறு தவறாம சர்ச்சுக்கும் போனார்.

பால் கறக்கும்போது தேவசகாயம் கதை சொல்வார். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி. டச்சுக் கைதி டிலனாய் சொன்ன யோபு கதையில் மனசு மாறி, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் எடுத்தவர். 500 ஏர் மாட்டை ஒரே நாளில் இழந்தவன் கதை எந்த விவசாயிக்குத்தான் உறைக்காது? எல்லாச் சாதியோடும் சமமாப் பழகினதும் குத்தமாச்சு. எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனாங்க. (எருமை மேல் ஏறுவதில் என்ன அவமானமோ, வளர்க்கிற எனக்குப் புரியலை.) அவர் மறுதலிக்கவில்லை. 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். புனிதர் பட்டம் வர 2022 ஆச்சு.

போன வாரம் தாம்பரம் மார்க்கெட்டில் கீரை இறக்கும்போது, வாய்க்காலை மறித்தவரின் மகன் வந்தார். "உங்கப்பா கடைசிவரை வளையவே இல்லையேண்ணே" என்றார். டீக்குக் காசும் அவரே கொடுத்தார்.